‘புகார்’ என்றால் காய்ச்சல்! தஞ்சாவூரிலிருந்து போபாலுக்கு ஒரு ஹிந்தி பயணம்

கடந்த அக்டோபர் மாதம். தஞ்சாவூரில் ஒரு வீட்டில் இரவு 10 மணிக்கு போன் அடிக்கிறது. அழைப்பது போபாலில் இருக்கும் சம்பந்தியம்மா. தீபாவளி, பொங்கல் என்றால் மகளோ மாப்பிள்ளையோ போன் போட்டுக் கையில் கொடுப்பார்கள், அப்போதுதான் பேசுவார். அவராகவே அழைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் மடமடவென்று ஹிந்தி. இந்தப் பக்கம் அம்மாவுக்குப் பிடிபட்டவை மூன்றே மூன்று சொற்கள். மகளின் பெயர், ‘அஸ்பதால்’, ‘புகார்’.

"என்னங்க, ஆஸ்பத்திரிங்கிறாங்க, புகார்ங்கிறாங்க. என்னன்னு கேளுங்களேன்" என்று போனைக் கணவரிடம் நீட்டினார். கை நடுங்கியது.

கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பள்ளிக்கூட நாட்களில் தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா மூன்றும் எழுதிப் பாஸ் செய்தவர். சான்றிதழ்கள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வரவில்லை. "புகார்? போலீஸ்? போலீஸ்?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் இன்னும் வேகமாக ஏதோ பேச்சு. லைன் கட்டாகிவிட்டது.

மாப்பிள்ளை போன் செய்ய 40 நிமிடம் ஆனது. அந்த 40 நிமிடத்தில் இருவரும் எதையெல்லாம் நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. விஷயம் இதுதான்: மகளுக்கு டெங்கு. ஊரில் பயப்படுவார்கள் என்று மூன்று நாளாகச் சொல்லவில்லை. இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது, பிளேட்லெட்டும் ஏறுகிறது. அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் அவர் அம்மா ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறார்.

ஹிந்தியில் ‘புகார்’ என்றால் காய்ச்சல். முதல் எழுத்து அழுத்தமான ‘ப’, நடு எழுத்து தொண்டையிலிருந்து வரும் ‘க’. தமிழ்க் காதுக்கு இரண்டும் கேட்காது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற புகார்தான் கேட்கும். சபா தேர்வு எழுதிய கணவருக்கு ஏன் தெரியவில்லை? அவர் படித்த பாடத்தில் காய்ச்சலுக்கு ‘ஜ்வர்’ என்று இருந்தது. புத்தகத்துக்குச் சரி. பதறிப்போய் போன் செய்கிற எந்த வீட்டிலும் யாரும் ‘ஜ்வர்’ என்று சொல்வதில்லை.

மகள் தேறிவிட்டாள். ஆனால் ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் ‘பஹன்ஜீ...’ என்று இழுத்துக் கூப்பிடும் சம்பந்தியம்மா, இப்போது ஒரு ‘நமஸ்தே’யோடு போனை மருமகளிடம் கொடுத்துவிடுகிறார். காரணம் மகளுக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை. "நம்மளுக்குப் பேசத் தெரியலைன்னு சலிச்சுக்கிட்டாங்களோ" என்று தஞ்சாவூர் அம்மாவுக்கு ஒரு உறுத்தல்.

அடுத்த வாரமே கடைக்குப் போய் ‘30 நாளில் ஹிந்தி’ வகைப் புத்தகம் ஒன்றும், 200 பக்க நோட்டு ஒன்றும் வாங்கினார். வயது 59. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பிப்ரவரியில் போபால் போக வேண்டும், சம்பந்தியம்மாவிடம் நேரில், மகளை நடுவில் வைக்காமல் பேச வேண்டும். கையில் நான்கு மாதம்.

தமிழ்நாட்டில் ஹிந்தி என்றாலே 1938, 1965 என்று ஆண்டுகள் நினைவுக்கு வரும். அவை திணிப்பை எதிர்த்து நடந்த போராட்டங்கள். சம்பந்தி வீட்டில் பேசும் மொழியை ஒருவர் தாமாக விரும்பிக் கற்பது அந்தக் கணக்கில் வராது.

11-ஆம் நாளில் நின்ற புத்தகம்

முதல் பத்து நாள் பாடம் பத்தே நாளில் முடிந்தது. அ, ஆ, இ, ஈ என்ற வரிசை தமிழிலும் அங்கேயும் ஒன்றுதான். ஹிந்தியில் எ, ஒ குறில் கிடையாது, அதில் லாபம். ஆனால் நமக்கு ஒரே ஒரு ‘க’ இருக்கும் இடத்தில் அங்கே நான்கு. புத்தகம் அதைச் சமாளிக்க எழுத்துக்கு மேல் 2, 3, 4 என்று குட்டி எண்கள் போட்டிருக்கும். கண்ணுக்குப் புரிகிறது, வாய்க்குப் புரிய வேண்டுமே! சாப்பாடும் ‘கானா’, பாட்டும் ‘கானா’. எண்ணைக் கவனிக்காமல் படித்தால் பசிக்கிறவர் பாட வேண்டும் என்று சொல்லிவிடலாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பது அவர் கண்டுகொண்ட வழி. காற்று கையில் மோதினால் அது சாப்பாடு, மோதாவிட்டால் பாட்டு.

11-ஆம் நாள் பாடத்தில் ஆண்பால், பெண்பால் வந்தது. மனிதர்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பொருளுக்கும். ரொட்டி பெண். தயிர் ஆண். டீ பெண். தண்ணீர் ஆண். ‘ஈ’யில் முடிந்தால் பெண்பால் என்று புத்தகம் ஒரு விதி சொல்கிறது. ஆனால் ‘பானீ’யும் ‘தஹீ’யும் ‘ஈ’யில் முடிந்தும் ஆண்பால். அஃறிணைக்குப் பால் பார்த்தே பழக்கமில்லாத தமிழ் மனசு இங்கே முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்? புத்தகம் ஒன்பது நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது.

பத்தாவது நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை, நோட்டைத் திறந்தார். அந்த ராத்திரி போன் திரும்ப வந்தால் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துத் தமிழில் 40 வாக்கியங்கள் எழுதினார். எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் என்ன சொன்னார்? யார் கூட இருக்கிறார்கள்? மெதுவாகப் பேசுங்கள். திரும்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் புரட்டி ஹிந்தி தேடினார். மாட்டிக்கொண்ட இடங்களில் கணவரின் பழைய இலக்கணம் கைகொடுத்தது. உண்மையில் பாடம் அங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். பாலை யார் கேட்டார்கள்? ‘தீரே போலியே’ (மெதுவாகப் பேசுங்கள்) என்றால் போதும். எதிரில் இருப்பவர் நிறுத்துவார்.

அந்த 40 வாக்கியத்தை எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஆங்கிலம் கற்கும்போது தலைகீழாக நிற்க வேண்டியிருந்ததே, அந்த வேதனை இங்கே இல்லை. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறது. ‘வீட்டில்’ என்பது ‘கர் மே’. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்று திருப்ப வேண்டாம்; ‘முஜே பூக் லகீ ஹை’, அப்படியே ‘எனக்கு’. ‘கொடு’ என்பதை நாம் ‘கொடுத்துவிடு’ என்கிறோம். அவர்களும் ‘தே தோ’ என்று வினைக்குப் பின்னால் இன்னொரு வினை ஒட்டுகிறார்கள். நாம் ‘காப்பி கீப்பி’ என்றால் அங்கே ‘சாய் வாய்’! கடன் சங்கத்தில் முப்பது வருடம் புழங்கிய பாக்கி, வசூல், ரசீது எல்லாம் அங்கேயும் ஏறக்குறைய அதே அர்த்தத்தில் இருக்கின்றன. 

உறவுக்காரர்கள் போலத் தெரிந்து ஏமாற்றும் சொற்கள்தான் ஆபத்து. ‘அவசர்’ என்றால் அவசரம் இல்லை, வாய்ப்பு. ‘ஸன்ஸார்’ என்றால் மனைவி இல்லை, உலகம். ‘சிக்ஷா’ தண்டனை இல்லை, கல்வி. (ஆசிரியரான கணவர் இதில் இரண்டும் ஒன்றுதான் என்றார்.)

மஞ்சள் பலகையே பாடப்புத்தகம்

பிப்ரவரி மாதம் பயணம். தஞ்சாவூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை அவருக்கு ஏற்கெனவே பழக்கம். தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் என மூன்று வரி. ஊர்ப் பெயர் தெரியும், எழுத்து தெரியாது. தெரிந்த பெயரை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க இதைவிட எளிய வழி இல்லை. தனியாக ஹிந்தி கற்கும் யாரும் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் என்று சென்னை வரைக்கும் பலகை பலகையாகப் படித்துக்கொண்டே வந்தார். விழுப்புரத்தின் ‘ழ’வுக்கு மட்டும் அன்றாட ஹிந்தியில் எழுத்து இல்லை. அந்தப் பலகையைத் தாண்டும்போது நமக்குக் கொஞ்சம் கர்வம் வருவதில் தப்பில்லை.

சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். ஜி.டி. என்றால் வடக்கே போகிறவர்களுக்குத் தெரியும். 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓட ஆரம்பித்த வண்டி. பிறகு சென்னை-டெல்லி என்று நிலைத்துவிட்டது. போபால் கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு முழு நாள்.

ராத்திரி ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் கழிந்தது. காலையில் மகாராஷ்டிர எல்லையில் பல்லார்ஷா. மராத்திக்கும் ஹிந்திக்கும் எழுத்து ஒன்றுதான் என்பதால், திடீரென்று எல்லாப் பலகையும் படிக்க முடிகிறது. படித்ததில் பாதி புரியவில்லை. அது மராத்தி என்று கணவர் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு நிம்மதி. நாக்பூரையே மராத்தியில் ‘பூ’ என்று நெடிலாகவும், ஹிந்தியில் ‘பு’ என்று குறிலாகவும் எழுதுவார்கள். அந்த ஒரு கொம்பு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தபோது கணவரின் தோளைத் தட்டிக் காட்டினார்.

நாக்பூருக்கு முன்னால் சேவாகிராம். காந்தி 1936-இல் வந்து தங்கி ஆசிரமம் அமைத்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1918-இல் அவர் முயற்சியால்தான் சென்னையில் ஹிந்தி பிரச்சார சபா தொடங்கியது. முதல் ஆசிரியராக வந்தவர் அவருடைய மகன் தேவதாஸ் காந்தி. டிரங்குப் பெட்டிச் சான்றிதழ்களுக்கு ஒரு வகையில் வேர் இங்கே இருக்கிறது. கணவர் ஜன்னல் வழியாகப் பலகை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த டீச்சர் ஒரு நாள்கூட எங்களோட ஹிந்தியில பேசினதே இல்ல" என்றார்.

எதிர் சீட்டில் சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கும் விதிஷாப் பெண். லீவுக்கு ஊருக்குப் போகிறாள். அம்மா துணிந்து பேச்சுக் கொடுத்தார். "மை போபால் ஜாதா ஹூ."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆன்டி, ஜாதீ ஹூ" என்றாள்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. புத்தகத்தில் எடுத்துக்காட்டு எல்லாம் ‘ஜாதா, காதா, பீதா’ என்று ஆண் பேசுவது மாதிரி. பெண்பாலைப் பக்கத்து அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். அவர் மனப்பாடம் செய்தது அட்டவணையை அல்ல, வாக்கியத்தை. நான்கு மாதமாக அடுப்படியில் தனியாக ஹிந்தி பேசியது ஒரு ஆண்பிள்ளை! தனியாகக் கற்பதில் உள்ள சங்கடம் இதுதான். தப்பு செய்தால் திருத்த ஆள் இல்லை. அதுவும் நன்றாக மனப்பாடம் ஆகிவிடும். நாக்பூர் வருவதற்குள் அந்தப் பெண் 40 வாக்கியங்களையும் கேட்டு, ஏழெட்டு இடத்தில் பேனாவால் திருத்திக் கொடுத்தாள்.

நாக்பூரில் மத்தியானம். பிப்ரவரி என்பதால் கூடை கூடையாக ஆரஞ்சு. ஜன்னலுக்கு வந்த வியாபாரியிடம் ‘கித்னே கா?’ என்று அழகாகக் கேட்டார். பதிலும் உடனே வந்தது: "ஸௌ கே டேட்!"

‘ஸௌ’ நூறு, சரி. ‘டேட்’? இன்றைக்கு என்ன தேதி என்று எதற்குக் கேட்கிறான்? அவர் காலண்டர் நினைவில் தேதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. ‘டேட்’ என்றால் ஒன்றரை. நூறு ரூபாய்க்கு ஒன்றரை கிலோ. இரண்டரைக்கு ‘டாயி’. மூன்றரை மட்டும் ஒழுங்காக ‘ஸாடே தீன்’.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். தமிழில் பத்து எண்ணும் பத்தின் மடங்குகளும் தெரிந்தால் தொண்ணூற்றொன்பது வரை கட்டிக்கொண்டு போய்விடலாம். ஹிந்தியில் அப்படி இல்லை. 25 ‘பச்சீஸ்’, 35 ‘பைந்தீஸ்’, 45 ‘பைந்தாலீஸ்’, 55 ‘பச்பன்’. ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல் மாதிரி. 29 என்பது ‘உன்தீஸ்’, அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. 39, 49, 59 எல்லாம் இதே மாதிரி அடுத்த பத்துக்கு ஒன்று குறைத்துச் சொல்லும். ஆனால் 89-க்கும் 99-க்கும் அது செல்லாது. நூறு வரை நெட்டுருப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நான்கு மாதத்தில் அவர் 40 வரை வந்திருந்தார். மீதிக்கு விரலும் போனில் கால்குலேட்டரும்.

ஆம்லாவைத் தாண்டியதும் சாத்புரா மலை, சுரங்கப் பாதைகள். இடார்சியில் சாயங்காலம். மத்தியப் பிரதேசத்துக்குள் வந்துவிட்டால் பலகைகள் பெரும்பாலும் இரண்டே வரி: ஹிந்தி, ஆங்கிலம். கைப்பிடிக்கத் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. ரயில் நர்மதைப் பாலத்தில் ஏறும்போது பெட்டி முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. யாரோ ‘நர்மதே ஹர்’ என்று கும்பிட்டுக் காசு போட்டார்கள். காவிரிக்கரை அம்மாவுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவரும் சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துப் போட்டார்.

சம்பந்தியம்மா ‘மை’ என்று சொல்வதில்லை

போபால் ஏரிகளின் ஊர். பெரிய ஏரியை 11-ஆம் நூற்றாண்டில் போஜ ராஜன் கட்டியதாகச் சொல்வார்கள். ‘போஜ்தால்’ என்பது அதன் இப்போதைய பெயர். 1819 முதல் 1926 வரை நான்கு பேகம்கள் அடுத்தடுத்து ஆண்ட ஊரும் இதுதான். அந்தச் செல்வாக்கு பழைய நகரத்தின் மசூதிகளில் மட்டுமல்ல, பேச்சிலும் இருக்கிறது. கடைப் பலகைகளில் ஹிந்தியோடு உருதுவும் தெரியும். புத்தகத்தில் ‘க்ருபயா’ என்று படித்த இடத்தில் தெருவில் ‘மெஹர்பானி’ கேட்கும். ‘ஸமய்’ என்று படித்தது ‘வக்த்’ ஆகிவிடும்.

சம்பந்தி வீட்டில் முதல் நாள் காலை போஹா, ஜலேபி. அவல் உப்புமாவுக்கு ஜலேபி தொட்டுக்கொள்வதா என்று கணவர் தயங்கினார். இரண்டாவது நாள் அவர்தான் முதலில் கேட்டார். சம்பந்தியம்மா மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பார்வையில் ஒரு ஒதுக்கம் இருந்தது.

அவர் பேச்சில் ‘மை’ கிடையாது. தம்மைப் பற்றிப் பேசும்போதும் ‘ஹம்’தான், நாங்கள் என்பது போல. ‘ஹம் ஜாதே ஹை’ என்கிறார். ரயிலில் கற்ற ‘ஜாதீ’ இங்கே எங்கே போயிற்று என்று தஞ்சாவூர் அம்மாவுக்கு முதல் நாள் முழுக்கக் குழப்பம். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண்களும் ‘ஹம்’ போட்டால் பன்மை மாதிரிதான் பேசுவார்கள். இதை எந்த 30 நாள் புத்தகமும் சொல்லாது.

இன்னொரு சொல்லும் புத்தகத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் அறிமுகம் செய்யும்போது சம்பந்தியம்மா ‘யே ஹமாரீ ஸம்தன் ஹை’ என்றார். சம்பந்தி என்ற சொல்தான்! வடக்கே தேய்ந்து பெண்ணுக்கு ‘ஸம்தன்’, ஆணுக்கு ‘ஸம்தீ’ ஆகியிருக்கிறது. அன்று மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது தஞ்சாவூர் அம்மா முதல் தடவையாக ‘ஸம்தன் ஜீ’ என்று கூப்பிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பேச்சின் வேகம் பாதியாகக் குறைந்தது. ‘தீரே போலியே’ என்று கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

பேசுவது எளிது, கேட்பதுதான் கடினம் என்று அந்த இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் தயாரித்துக்கொண்டு போன வாக்கியம் நம் கையில் இருக்கிறது. பதில் எதிராளி கையில். சௌக் பஜாரில் ஜரிகை வேலை செய்த பட்டுவா, அதாவது போபாலின் பெயர் பெற்ற சுருக்குப் பை, விலை கேட்டபோதும் இதே கதை. கேள்வி கச்சிதம்; பதிலுக்கு மகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வரும்படி கேட்பது. ‘எவ்வளவு?’ என்று கேட்காமல் ‘இருநூறா?’ என்று கேட்பது. பதில் எவ்வளவு நீளமாக வந்தாலும் தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தால் போதும்.

அடுப்படியில் ஒரு கேள்வி

மூன்றாம் நாள் மாலை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தியம்மா டீக்குப் பால் வைத்திருந்தார். பட்டாணி உரித்துக்கொண்டே தஞ்சாவூர் அம்மா நோட்டில் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார்.

"உஸ் ராத்... ஆப்னே ஃபோன் பர் க்யா கஹா தா?"

அந்த ராத்திரி போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சம்பந்தியம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஹம்னே கஹா, புகார் உதர் கயா. கப்ராயியே மத்" என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது என்றேன். பதறாதீர்கள் என்றேன்.

புரிந்தது. முழுசாகப் புரிந்தது. தமிழில் திருப்பிப் பார்க்கும் முன்னாலேயே புரிந்துவிட்டது.

ஆனால் சம்பந்தியம்மா நிறுத்தவில்லை. குரல் கொஞ்சம் மாறியது. "லேகின் பாயி ஸாஹப் னே போலீஸ் க்யோ கஹா?"

ஆனால் அண்ணன் ஏன் போலீஸ் என்றார்?

அப்போதுதான் நான்கு மாத ‘நமஸ்தே’க்குக் காரணம் வெளியே வந்தது. மருமகளைப் பகலும் இரவும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர். நல்ல சேதி சொல்லக் கூப்பிட்டால், அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் ‘போலீஸ், போலீஸ்’ என்கிறது. பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை மறைத்ததற்கு மாமியார் மேல் போலீசுக்குப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வீட்டில் சண்டை வரக்கூடாது என்று மகனிடமும் சொல்லவில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மரியாதையாக நடந்துகொண்டார்.

இதில் ஒவ்வொரு சொல்லும் தஞ்சாவூர் அம்மாவுக்குப் புரிந்தது என்று சொல்ல முடியாது. பாதி சொல், பாதி முகம். விளக்கிச் சொல்லத்தான் வழி தெரியவில்லை. "நஹீ, நஹீ... தமிழ் மே புகார்... புகார்..." என்று திணறினார். தமிழ்ப் புகாருக்கு ஹிந்தியில் என்ன? புத்தகத்தின் எந்த நாளிலும் அது வரவில்லை.

"ஏங்க! இங்க வாங்களேன்! புகாருக்கு ஹிந்தியில என்ன?"

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். இரண்டு பெண்களும் கண் கலங்கி நிற்பதைப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் மனப்பாடம் செய்த சொல் பட்டியல் எங்கிருந்தோ எழுந்து வந்தது.

"ஷிகாயத்" என்றார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்து, பரீட்சையில் எழுதுவது போல நிறுத்தி நிதானமாக, தம் வாழ்க்கையில் யாரிடமும் பேசிய முதல் ஹிந்தி வாக்கியத்தைச் சொன்னார். "தமிழ் மே... புகார் கா மத்லப்... ஷிகாயத்."

தமிழில் புகார் என்றால் ஷிகாயத்.

சம்பந்தியம்மா ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். ‘புகார்... ஷிகாயத்... போலீஸ்’ என்று விரல்விட்டு எண்ணுவது போலச் சொல்லிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து யாரோ தங்கைக்குப் போட்டு, ‘ஸுனோ, தமிழ் மே புகார் கா மத்லப் ஜான்தீ ஹோ?’ என்று முழுக்கதையையும் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ‘தூத்! தூத்!’ என்று கத்திக்கொண்டு முதலில் ஓடியது தஞ்சாவூர் அம்மா.

பால் கொட்டிப் போனதால் அன்று பிளாக் டீதான். சம்பந்தியம்மா தம் பங்குக்கு, டம்ளரை நீட்டும்போது ‘சாப்பிடுங்கோ’ என்றார். மருமகளிடம் எப்போது கற்றாரோ!

திரும்பும் வண்டி நாக்பூருக்கு வந்தது காலையில். அதே ஆரஞ்சுக் கூடைகள். "ஸௌ கே டேட்!" என்று ஒரு வியாபாரி ஜன்னலுக்கு வந்தான். இந்த முறை தேதி தேடவில்லை. "ஸௌ கே தோ" என்றார் அம்மா, நூறுக்கு இரண்டு கிலோ.

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். ஒன்றரைதான் கொடுத்தான்.